1980 டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்: அட்டையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் பழைய விதிநூல்களில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது கடவுள்களைத் தொகுத்துத் தரும் இந்த நூலில்தான். விளையாட்டின் பதிப்பாளரான டிஎஸ்ஆர் 1980-ல் வெளியிட்ட முதல் அச்சில் 144 பக்கங்கள். லவ்கிராஃப்டின் திகில் கதைகளிலிருந்து வந்த கதுலு, மூர்காக்கின் கற்பனைக் கதைகளிலிருந்து வந்த மெல்னிபோனே ஆகிய பகுதிகள் அதில் உண்டு. பிறகு அவற்றை நீக்கி 128 பக்கமாக்கினார்கள். அட்டை இரண்டுக்கும் அதேதான், 144 பக்கப் பிரதியின் விலையோ எங்கேயோ நிற்கும். முன்னுரையில், அந்தப் பகுதிகளுக்கு அனுமதி தந்த கேயாசியம் நிறுவனத்துக்கு நன்றி இருந்தால் போதும், அது 144 பக்கப் பிரதிதான் என்பார்கள். போதாது. முதல் அச்சில் அந்த வரியே கிடையாது. சில 128 பக்கப் பிரதிகளிலோ அது நீக்கப்படாமல் தங்கிவிட்டது. ஆகவே பொருளடக்கம், கடைசிப் பக்க எண் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது படமும் கேளுங்கள்: அட்டையும் தாளும் சேரும் உள்மடிப்பு. அங்கே கிழிசலோ பசை நாடாவோ தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பூஞ்சை வாடை படத்தில் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். அனுப்பும்போது இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே கட்டச் சொல்லுங்கள், இல்லையேல் முதலில் நசுங்குவது முனைகள்தான்.

விளையாட மட்டும் என்றால் 128 பக்கப் பிரதியே தாராளம். இந்திரனுக்கும் யமனுக்கும் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற எண்) போட்டிருக்கும் இந்தியப் பகுதி அதிலும் இருக்கிறது!