பிளேரைட் எம்.சி.பி.: ஏஜெண்ட் படிக்கும் கையேடு எப்படி இருக்கிறது?

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் தொழில். பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் கருவியில் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகிய கை. ஏஐ ஏஜெண்டின், அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐயின், கையில் பிரவுசரைக் கொடுக்கும் பிளேரைட் எம்.சி.பி.யை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் வெளியிட்டது. எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது ஏஐ மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது வழிமுறை. அப்போதிலிருந்து எங்கள் குழுவில் அதைப் பயன்படுத்துகிறோம். அதன் வேகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது அதன் கையேட்டைப் பற்றி. ஏனென்றால் இந்த வகைக் கருவியில் கையேடுதான் பாதிக் கருவி.

சாதாரண லைப்ரரி என்றால் நாம் ஆவணத்தைப் படிப்போம், கோடு எழுதுவோம், அப்புறம் ஆவணத்தை மூடிவிடுவோம். இங்கே அப்படி நடப்பதில்லை. கிளிக், டைப், ஸ்னாப்ஷாட் என்று ஒவ்வொரு டூலுக்கும் எழுதிய ஓரிரு வரி விளக்கம் நேராக ஏஜெண்டை இயக்கும் ஏஐ மாடலிடம் போகிறது. எதை எப்போது எடுப்பது என்று மாடல் முடிவு செய்வது அந்த வரியை வைத்துத்தான். விளக்கம் நீண்டால் டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) செலவு ஏறும், சுருங்கினால் ஏஜெண்ட் ஊகிக்க ஆரம்பித்துவிடும். கிட்ஹப் தளத்தில் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் நாம் பார்க்கும் டூல் பட்டியலும் கோடிலிருந்தே தானாக உருவாகிறது. அதனால் நமக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று இரண்டு கதை இல்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஸ்னாப்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். அது படம் எடுப்பதில்லை. பக்கத்தில் உள்ள பொத்தான், பெட்டி, லிங்க் எல்லாவற்றையும் பெயரோடு வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘ஈ23’ போல ஓர் அடையாளம் கொடுக்கிறது. விளக்கத்திலேயே ‘இது ஸ்க்ரீன்ஷாட்டைவிட மேல்’ என்று இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் டூலைப் பார்த்தால், ‘இதை வைத்து எந்தச் செயலும் செய்ய முடியாது, செயலுக்கு ஸ்னாப்ஷாட்டை எடு’ என்று அங்கேயும் எழுதியிருக்கிறார்கள். எதற்கு உதவாது என்பதையும் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஏஜெண்டுக்கு டூல் எழுதும் எல்லோருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

டைப் டூலில் ‘ஸ்லோலி’ என்று ஒரு தேர்வு உண்டு. வழக்கமாக எழுத்தெல்லாம் ஒரே வீச்சில் பெட்டியில் விழும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினால் பக்கத்தின் கீ ஹேண்ட்லர்கள் (விசை தட்டுவதைக் கவனித்து இயங்கும் கோடு) வேலை செய்யும், அதற்கு இது உதவும் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது விளக்கம். தமிழ்த் தளங்களைச் சோதிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடிக்க அடிக்கத் தமிழாக மாற்றும் பெட்டிகள் விசைக்கு விசை இயங்குபவை. மொத்தமாகக் கொட்டினால் ஆங்கில எழுத்து அப்படியே நின்றுவிடும். காரணம் எழுதியிருப்பதால்தான் அங்கே ‘ஸ்லோலி’ வேண்டும் என்று ஏஜெண்ட் தானே கண்டுகொள்ள முடிகிறது.

பிழைச் செய்தியும் கையேடுதான். பக்கம் மாறிய பிறகு பழைய அடையாளத்தைக் கிளிக் செய்யச் சொன்னால், இப்போதைய ஸ்னாப்ஷாட்டில் அது இல்லை, புதிதாக ஒன்று எடுத்துப் பார் என்று பதில் வருகிறது. வெறுமனே ‘தோல்வி’ என்று சொல்லியிருந்தால் ஏஜெண்ட் அதே பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் டூலில் ஒரு வாசகம் தோன்றும் வரை, மறையும் வரை, இத்தனை விநாடி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் சமமாக அடுக்கிவிட்டு, எதை விரும்ப வேண்டும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். விநாடி எண்ணிக் காத்திருக்கும் டெஸ்ட் ஒருநாள் பாஸ் ஆகும், மறுநாள் விழும். இந்தத் துறையில் எல்லோரும் பட்ட பாடு அது. ‘வாசகம் தோன்றுவதையே முதலில் பார்’ என்று நாலு சொல் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று பெரிது. எந்த டூல் பக்கத்தைப் பார்க்க மட்டும் செய்யும், எது மாற்றும் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்திருக்கிறார்கள், சரி. ஆனால் மெனுவைத் திறப்பதும் கிளிக், கணக்கை நீக்குவதும் கிளிக். அந்த வித்தியாசத்தை டூல் விளக்கம் எப்படியும் சொல்ல முடியாது. அதனால் ‘நீக்கு, பணம் செலுத்து, அனுப்பு என்ற பொத்தான்களுக்கு முன் நின்று மனிதரிடம் கேள்’ என்று எங்கள் ஏஜெண்டின் குறிப்பில் தனியாக எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் எழுதிவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டில் வரும் வாசகங்கள் யாரோ எழுதியவை, அவற்றைக் கட்டளையாக எடுக்கக் கூடாது என்ற வரியும் கட்டாயம் வேண்டும்.

பிளேரைட் எம்.சி.பி. ஒரு பாதுகாப்பு அரண் இல்லை என்று ரீட்மீ வெளிப்படையாகவே சொல்கிறது. லாகின் விவரங்கள் புரொஃபைலில் தங்கும் விதமாகத்தான் இயல்பு அமைப்பு இருக்கிறது. ‘ஐசொலேட்டட்’ என்ற தேர்வைப் போட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். வங்கி, சொந்த மெயில் பக்கம் போகும் பிரவுசரை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள்.

கருவி இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். ரீட்மீயில் நிறுவும் பகுதிதான் முதலில் நீளமாக வரும். அதைத் தாண்டிக் கீழே போய், டூல் பட்டியலை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு நிறுவுங்கள். உங்கள் ஏஜெண்ட் பார்க்கப்போவது அந்தப் பகுதியைத்தான்.