கடலோரமா, மலையோரமா? குமரியில் வீடு கட்டும் முன் பார்க்க வேண்டிய வானிலை

மஸ்கட் வேலையை முடித்து ஊரோடு வந்துவிடலாம் என்று தீர்மானித்ததும் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. மனைவிக்குக் கன்னியாகுமரி பக்கம் கடலோரம் வேண்டும். எனக்குக் குலசேகரம் பக்கம், மலையைப் பார்த்தபடி. கடைசியில் குலசேகரம் பக்கம்தான் கட்டினோம். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மனை விலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் வசதி எல்லாம் அவரவர் கணக்கு. நான் வானிலையை மட்டும் பேசுகிறேன்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஜூனில் வரும் தென்மேற்குக் காற்று மலையில் மோதும் மேற்குப் பகுதியில், அதாவது விளவங்கோடு, திருவட்டாறு பக்கம், நன்றாகக் கொட்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் அதே காற்று தூறலோடு நிறுத்திக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில்தான் இரண்டு பக்கத்துக்கும் மழை.

ஓமானில் இருந்தவர்களுக்கு இது புரியும். மஸ்கட் ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது தெற்கு ஓமானில் கடலோரம் இருக்கும் சலாலாவில் 20-களில் இருக்கும், தூறலும் பனிமூட்டமுமாக. அங்கே வீசுவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். அது சலாலா இருக்கும் தோஃபார் மாகாணத்தின் கரையை ஒட்டி வீசும்போது கடலின் அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன் மேல் கடக்கும் ஈரக்காற்று மூடுபனியாகி மலையில் தங்கிவிடும். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை மலையெல்லாம் பச்சை. சலாலாவின் தென்னையையும் வாழையையும் பார்த்துவிட்டு, இது நம்ம குளச்சல் இல்லையா என்று கேட்காத குமரிக்காரர் குறைவு. ஒரே காற்று, இடத்துக்கு இடம் வேறு முகம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வெயில், குளிர் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடலோரத்தில் பகல் கொஞ்சம் இதமாக இருக்கும், மலையோரத்தில் மார்கழி இரவு கொஞ்சம் கூடுதலாகக் குளிரும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது உப்பு.

இடம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் கடலோரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஆடிக்காற்றில் அலை உடைந்து கிளம்பும் நுண்துளிகள் வாசல் கேட், ஜன்னல் கிரில், ஏசி அவுட்டோர் எல்லாவற்றிலும் வந்து படியும். நன்றாக மழை பெய்தாலாவது கழுவிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் அங்கே காற்றுதான் அதிகம், மழை குறைவு, ஆகவே உப்பு அப்படியே தங்குகிறது. இதைவிட மோசமான விஷயம், உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்போடு வரும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும் என்று அர்த்தம்.

கேட்டும் கிரில்லும் போனால் மாற்றிவிடலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் கவலை. உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால், துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரியும் கடலோர வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி உப்புக்காற்று நேராகப் படாத கடலோரக் கான்கிரீட்டுக்கே எம்25 தரக் கலவை, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 30 மில்லிமீட்டர் வேண்டும். கடல்நீர்த் திவலை படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். கொத்தனாரிடம் 50 மில்லிமீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

மலையோரத்திலும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. ஜூன், ஜூலையில் கொடியில் போட்ட ஜீன்ஸ் காய்வதற்குள் அடுத்த துவைப்பு வந்துவிடும். தோல் செருப்பு, பெல்ட், அலமாரிச் சட்டை எல்லாவற்றிலும் பூஞ்சை. சித்திரை, வைகாசியில் மதியம் ஆனால் இடி. மோடத்தையும் டிவியையும் பிடுங்கிப் போடுவது எங்கள் வீட்டில் தினசரிக் கடமை. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டையில் தேங்கும் நீரில் கொசு வேறு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் மாவட்டத்தின் உள்பகுதியில் ரப்பரையும் வாழையையும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மரம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயமும் பக்கத்திலேயே இருக்கும்.

ஆனால் இந்த ஈரத்துக்கு வீடு கட்டும்போதே பதில் சொல்லிவிடலாம். அஸ்திவாரத்தை உயர்த்தினோம், சன்ஷேடை அகலமாக இழுத்தோம், மொட்டை மாடிக்கு மேல் ட்ரஸ் (இரும்புச் சட்டக் கூரை) போட்டோம். துணி காய்வதும் இப்போது அங்கேதான். மழை வருவதும் போவதும் காலண்டர்படி, அதற்கேற்ப வெள்ளையடிக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். உப்புக்கு அப்படி ஓய்வு மாதம் கிடையாது. கடல் எங்கள் வீட்டில் இருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கிரில்லுக்குச் சாதாரண பிரைமரும் எனாமலும் போதுமாக இருக்கிறது. வீடு இன்னும் புதுசுதான். இருபது வருஷ ஈரம் சுவரை என்ன செய்யும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைத்தான் கேட்க வேண்டும். அவருடைய ஓட்டு வீடு நன்றாகவே நிற்கிறது.

தோவாளைப் பக்கம் மழை, உப்பு இரண்டும் குறைவு. காற்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கடல்தான் வேண்டும் என்பவர்கள் கரையை ஒட்டி வாங்காமல் சுசீந்திரம், பறக்கை மாதிரி கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். கரையை விட்டு விலக விலக உப்புப் படிவது வேகமாகக் குறையும், முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். நான் அங்கே குடியிருந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். முன்பணம் கொடுக்கும் முன் அதே தெருவில் ஐந்தாறு வருஷப் பழைய வீடு ஒன்றைத் தேடி, கேட்டின் கீலையும் ஏசி அவுட்டோரின் பின்பக்கத்தையும் பாருங்கள். புரோக்கர் சொல்லாததை அது சொல்லும்.