கல்லைத் திறக்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

முக்திநாத் யாத்திரையிலிருந்து பெரியப்பா மூன்று சாளக்கிராமங்கள் கொண்டுவந்தார். இரண்டு பூசை அறையில் இருக்கின்றன. ஓரத்தில் வெடித்திருந்த மூன்றாவதை, "உன்னுடைய பிள்ளைகளுக்குக் காட்டிப் படிப்பி" என்று என்னிடம் தந்தார். நான் மட்டக்களப்பில் விஞ்ஞானம் கற்பிப்பவள்.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் இந்தக் கரிய உருண்டைகள், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்சேற்றில் புதைந்த உயிரைச் சுற்றிக் கனிமம் இறுகி உண்டானவை. வெடிப்பினூடே அம்மோனைட்டின், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன ஒரு கடலுயிரின், மூன்று வரிகள் தெரிந்தன.

உள்ளிருப்பதைச் சேதமில்லாமல் வெளியே எடுத்துத் தருவதாக நகரில் ஒருவர் சொன்னார். 7,500 ரூபாய் வாங்கினார். மூன்று வாரம் இழுத்தடித்துத் தந்த கல் பளபளத்தது. பார்த்ததுமே வயிறு கலங்கியது. அம்மோனைட்டின் சுருள் உள்ளே போகப் போகச் சிறுக்கும். இதிலோ நடுப்புள்ளி வரை ஒரே அகலம், ஒரே ஆழம். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன், பஞ்சு கறுத்தது. ஊசியால் கீறினேன், வெள்ளைப் பசை பொடியாக உதிர்ந்தது.

நெருக்கிக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது: அமிலத்தில் ஊறவைத்தாராம், ஓடு கரைந்துவிட்டதாம், அதனால் பசை பூசிச் சுருள் செதுக்கினாராம். ஓடு சுண்ணாம்புப் பொருளாக இருந்தால் அமிலம் அதையும் தின்றுவிடும். தொழில் தெரிந்தவர்கள் முதலில் உருண்டையின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டுவார்கள். ஓடும் கல்லும் சேரும் இடமே பலவீனமானது, பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். பிறகு உருப்பெருக்கியின் கீழ் ஊசியாலும் காற்றழுத்த உளியாலும் மணி மணியாகக் கல்லை அகற்றுவார்கள். உடைந்த சில்லு ஒன்றையும் வீசமாட்டார்கள். என்னுடைய கல்லின் சில்லுகளைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம்!

அதே மனிதர், குடும்பிமலையில் எடுத்தது என்று இன்னொரு அம்மோனைட்டை என் சக ஆசிரியருக்கு விற்கப் பார்த்தார். நம் மாவட்டத்தின் அடிப்பாறை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. அம்மோனைட்டுகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. அந்த மலைப்பாறைக்குள் அம்மோனைட் இருக்கவே முடியாது. யாராவது அப்படிச் சொல்லி விற்க வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கல்லை ஒருவர் கையில் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், நிறுத்து எடையை எழுதிவையுங்கள், அமிலம் என்ற சொல் வந்தால் கல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் அந்த மூன்று வரிகளும் தெளிவாக இருக்கின்றன. பெரியப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.