மாடர்ன் ஸ்டாண்ட்பை: லேப்டாப்பின் கோழித் தூக்கம்

இரவு 80 சதவீத சார்ஜோடு மூடி வைத்த லேப்டாப் காலையில் 32-இல் நிற்கிறது. பையிலிருந்து எடுத்தால் அடிப்பாகம் சுடுகிறது. பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் தூக்க முறையைப் பார்த்துவிடுங்கள்.

1996-இல் வந்த, கணினியின் மின்சார நிலைகளை வகுக்கும் ஏ.சி.பி.ஐ. வரையறையின் எஸ்3 தூக்கத்தில் ப்ராசசருக்கு மின்சாரம் போகாது. ரேமில் உள்ளது அழியாதிருக்க மட்டும் கொஞ்சம் போகும். எஸ்4 என்பது ஹைபர்னேட்: ரேமில் இருப்பதை எஸ்.எஸ்.டி.யில் எழுதிவிட்டு அணைந்துவிடும். விண்டோஸ் 8-இல் கனெக்டட் ஸ்டாண்ட்பையாகத் தலைகாட்டி, விண்டோஸ் 10-இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது வேறு ரகம். மெஷின் எஸ்0-இலேயே, அதாவது ஓடும் நிலையிலேயே இருந்துகொண்டு, திரையை அணைத்து ஒவ்வொரு பாகமாக ஓய்வுக்கு அனுப்பும். கைபேசி செய்வதும் இதேதான். மூடியைத் திறந்த கையோடு திரை வந்துவிடும். மெயிலும் வந்து காத்திருக்கும். இந்த வேகத்தில் எஸ்3 இதன் கிட்டவே வராது.

கோளாறும் அங்கேதான். ஏதோ ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) கண்ணயராமல் இருந்தால் மொத்த மெஷினும் ஆழத்துக்கு இறங்காது. 50 வாட்-ஹவர் பேட்டரியில் அரை வாட் இழுத்தால் மணிக்கு 1 சதவீதம், 8 மணி நேரத்துக்கு 8. அதே மெஷின் 3 வாட் இழுத்தால் 48. மேலே சொன்ன 80, 32 ஆன கணக்கு இதுதான். மூடிய பைக்குள் அந்தச் சூடு வெளியேற வழியும் இல்லை.

உங்கள் மெஷின் எந்த ரகம் என்று தெரிய, கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஏ' கொடுங்கள் (அடிப்பது ஆங்கில எழுத்தில்தான்: powercfg /a). கிடைக்கும் நிலைகளின் பட்டியலில் எஸ்0 லோ பவர் ஐடில் என்று வந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. அடுத்து, அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி'. கடைசி 3 நாள் தூக்கங்களை ஒரு எச்.டி.எம்.எல். அறிக்கையாகக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டிலேயே மெச்ச வேண்டிய அம்சம் இந்த அறிக்கைதான். ஒவ்வொரு தூக்கத்துக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு சார்ஜ் போனது, ஆழ்நிலையில் எத்தனை சதவீதம் இருந்தது என்று வரும். அந்தச் சதவீதம் இரண்டாகப் பிரிந்திருக்கும்: எஸ்.டபிள்யூ., எச்.டபிள்யூ. எஸ்.டபிள்யூ. 95, எச்.டபிள்யூ. 10 என்றால், மென்பொருள் ஒதுங்கிவிட்டது, வன்பொருளோ ஃபர்ம்வேரோ (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) இறங்க மறுக்கிறது. பயாஸ், சிப்செட் டிரைவர் அப்டேட்டைப் பாருங்கள், யு.எஸ்.பி.யில் செருகியதையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டுமே குறைவென்றால் ஏதோ ஒரு செயலியோ டிரைவரோ பிடித்து வைத்திருக்கிறது. அதன் பெயர் கீழே 'டாப் அஃபெண்டர்ஸ்' பட்டியலில் இருக்கும். வைஃபையும் ஆடியோவும் அங்கே அடிக்கடி தென்படும் முகங்கள்.

நெட் வேண்டாமென்றால், ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசியின் ஸ்லீப் செட்டிங்ஸில், பேட்டரியில் இருக்கும்போது தூக்கத்தில் நெட்வொர்க் இணைப்பை அனுமதிப்பதை முடக்கலாம். சில மெஷின்களில் இது ஒன்றே போதும்.

பழைய எஸ்3-ஐத் திரும்பக் கொண்டுவர, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளின் தொகுப்பு) 'பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைடு' (PlatformAoAcOverride) மதிப்பை 0 ஆக்கச் சொல்வார்கள். ஃபர்ம்வேரில் எஸ்3 இருந்தால்தான் பலன். புதிய மெஷின்கள் பலவற்றில் அதை எடுத்தே விட்டார்கள். அங்கே இதைச் செய்தால் உள்ள தூக்கமும் போய், ஸ்லீப் பொத்தானே காணாமல் போகும்.

பத்து நிமிட இடைவேளைக்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை அருமை. பையில் போடுவதற்கு இதை நம்பவே கூடாது. 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆன்' கொடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று, பேட்டரிக்கு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அணைய வேண்டாம் என்பவர்கள் 'பவர்சிஎஃப்ஜி /சேஞ்ச் ஹைபர்னேட்-டைம்அவுட்-டிசி 60' கொடுக்கலாம். ஒரு மணி நேரம் கோழித் தூக்கம், பிறகு ஹைபர்னேட்.

எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமே என்பார்கள். ஒரு தடவைக்கு 6 ஜி.பி., நாளைக்கு மூன்று தடவை என்றாலும் வருடத்துக்கு 6.5 டி.பி.தான். 150 டி.பி. எழுத்து உத்தரவாதமுள்ள 250 ஜி.பி. டிரைவுக்கு அது 20 வருடத்துக்கு மேல் வரும். இடம்தான் கொஞ்சம் போகும்: ஹைபர்னேட் கோப்பு இயல்பாக ரேமில் 40 சதவீத அளவு, 16 ஜி.பி. ரேமுக்கு 6.4 ஜி.பி.

லினக்ஸில் '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கோப்பைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ள முறை. 'டீப்' என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு; பூட் ஆகும்போது போகும் கர்னல் வரியில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' சேர்த்தால் அதுவே நிலையாகும். 'எஸ்2ஐடில்' (எஸ்0 ரகத் தூக்கம்) மட்டும் தனியாக நின்றால் மேலே சொன்ன பாடு அங்கேயும் உண்டு.