பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு போன் திருத்தும் கடை

திருகோணமலையில் யாராவது போன் வாங்க என்னிடம் யோசனை கேட்டால், இந்த மொடலை இங்கே திறந்து திருத்த ஆள் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்வேன். கமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அப்புறம். கடலோர ஊரில் போன் பழுதாவது நிச்சயம். எப்போது, எந்த இடத்தில் என்பதுதான் மாறும். அந்த நாள் வரும்போது நான் போகிற கடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கடை பஸ் நிலையத்துப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார நானா கேட்டுக்கொண்டார். இப்போதே வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். கிண்ணியாவில் இருந்து தினமும் வந்து போகிறவர். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான் நிற்க வேண்டும். மேசையில் ஒரு மைக்ரோஸ்கோப், சூட்டுக்காற்று அடிக்கும் ஹொட் ஏர் கன், மல்டிமீட்டர், போனைச் சூடாக்கும் தட்டு. மூலையில் மணல் நிரப்பிய ஒரு வாளி. உப்பிப்போன பற்றரிகளை அதற்குள்தான் போடுகிறார், தீப்பிடித்தாலும் அதோடு அடங்கட்டும் என்று. அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் இவரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

நான் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, ரப்பர் பான்ட் போட்டு வைத்திருப்பார்கள். கடலில் இடம் பார்ப்பது அதில், காலநிலை அறிவித்தல் வருவது அதில், கரைக்கு வரும் முன்னே மீன் விலை கேட்பதும் அதில்தான். அந்தப் போன் ஒரு கிழமை இல்லாமல் போனால் அவர்களுக்குத் தொழிலே தடுமாறும். "பிள்ளை, இதுக்கு என்னெண்டு பாருங்கோவன்" என்று நீட்டுவார்கள். நானும் பாதியை நானாவிடம் அனுப்பிவைப்பேன்.

என்னுடைய போனுக்கு வந்த கதை இது. இரவு முழுவதும் சார்ஜில் போட்டாலும் காலையில் இருபது, முப்பது வீதத்தைத் தாண்டவில்லை. வேகமாக ஏறவேண்டிய சார்ஜர், வேகமாக ஏறவே இல்லை. கொழும்புக்குப் போன உறவினர் ஒருவரிடம் கொடுத்து, அந்தக் கொம்பனியின் அதிகாரபூர்வ சேவை நிலையத்தில் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, நீர் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது, மெயின் போர்டை மாற்ற வேண்டும், 41,500 ரூபாய் ஆகும் என்றார்கள். போனே 84,000 ரூபாய்க்கு வாங்கியது. திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

நானா அதை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். யூஎஸ்பி சி வாய்க்குள் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று மொத்தம் 24 தொடுமுனைகள். என்னுடையதில் மேல் வரிசையில் சிலவற்றின் மீது பாசி படிந்த மாதிரிப் பச்சை. ஒரு முனை முழுதாகத் தின்னப்பட்டு வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.

"தங்கச்சி, இது போர்டுக்குப் போகல்ல. சார்ஜ் பின்னோட நிண்டுட்டு," என்றார். "ஈரத்தோட சார்ஜ்ல போட்டா கரண்ட் போற முனையத்தான் முதல்ல தின்னும். உப்பு எண்டா சொல்லத் தேவையில்ல."

பல அன்ட்ரொய்ட் போன்களில், வயர் மாட்டும் இந்தச் சார்ஜ் பின் மெயின் போர்டில் இல்லை, கீழே தனியான ஒரு சின்னப் பலகையில் இருக்கிறது. என்னுடையதும் அப்படித்தான். பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றி, அந்தப் பலகையை மாற்றி, மெயின் போர்டுக்குப் போகும் இணைப்பை அல்கஹோல் போட்டுப் பிரஷால் தேய்த்துத் திரும்ப ஒட்டினார். 3,500 ரூபாய். அதிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. சேவை நிலையத்தார் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 3,500 ரூபாய் வேலை ஒன்று இருக்கும்போது 41,500 ரூபாய் வழியை மட்டும் காட்டியது சரியில்லை. போர்டையே மாற்றிவிடுவது அவர்களுக்கு லேசு. செலவு நம்முடையது.

நீர் புகாது என்ற விளம்பரத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஐபி 68 என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்தத் தரச் சோதனை நன்னீரில் நடப்பது. பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். கடல்நீர் அந்தக் கணக்கில் வராது. அதோடு, சூட்டிலும் பழக்கத்திலும் உள்ளிருக்கும் ரப்பர் விளிம்பும் பசையும் தளர்ந்துவிடும். நீர் பட்ட பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று அதே கொம்பனிகள் சின்ன எழுத்தில் போடுகின்றன. விளம்பரத்தில் மட்டும் நீச்சல் குளத்துக்குள் போனைப் போட்டுக் காட்டுவார்கள். நிலாவெளியில் குளிக்கப் போகிறவர்கள் போனைத் தண்ணீருக்குள் பிடித்துப் படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. தவறி உப்புநீர் பட்டுவிட்டால் உடனே போனை ஓஃப் செய்யுங்கள். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடைத்துக் காற்றில் உலர விடுங்கள். முழுதாகக் காயும்வரை சார்ஜில் போடவே கூடாது. அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது.

நானாவிடம் அதிகம் வருகிற வேலை பற்றரி மாற்றுவது. இந்த ஊர் வெயிலில் பற்றரிக்கு வயது சீக்கிரம் போகிறது. லிதியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. மோட்டார் சைக்கிளில் முன்னால் மாட்டி வைத்துக்கொண்டு நிலாவெளி வீதியில் மத்தியானம் ஓடினால், போன் கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். ஒரு காலத்தில் பின் மூடியை நகத்தால் திறந்து புதுப் பற்றரியைப் போட்டோம். அதற்குக் கடையே தேவைப்படவில்லை. இப்போது கண்ணாடியைச் சூடாக்க வேண்டும், பசையை உருக்க வேண்டும், பற்றரிக்கு அடியில் இருக்கும் பசையைக் கிழிக்காமல் இழுக்க வேண்டும். மெலிசாக இருப்பதற்காக இப்படிச் செய்கிறோம், நீர் புகாமல் இருப்பதற்காகச் செய்கிறோம் என்று கொம்பனிகள் சொல்லும். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. பற்றரி கிழடானால் ஆள் புதுப் போன் வாங்குவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பழைய பற்றரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று நின்றுபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாவிக்கிறவருக்குச் சொல்லவில்லை. பற்றரியை மாற்றினால் பழைய வேகம் வரும் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் புதுப் போன் வாங்காமல் இருந்திருப்பார்கள்? 2018இல் பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரில் இருந்து 29 டொலராக இறக்கினார்கள். 2020இல் அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுத்து வழக்கை முடித்தார்கள். அந்தக் காசில் ஒரு சதமும் நம் பக்கம் வரவில்லை.

டிஸ்பிளே விஷயத்தில் நானா நேர்மையானவர். ஒரிஜினல், கொப்பி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஓலெட் திரை உள்ள போனுக்கு மலிவான எல்சிடி கொப்பி போட்டால் கொஞ்சம் தடிப்பாக நிற்கும், கறுப்பு சாம்பலாகத் தெரியும், திரைக்கு அடியில் விரல் வைத்துத் திறக்கும் வசதி வேலை செய்யாது. இதைக் காசு வாங்கும் முன்னரே சொல்கிறார். வேறு கடைகளில் மாட்டிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

ஐபோன் வந்தால் அவர் முகம் சுருங்கும். ஐபோன் 11இல் இருந்து வேறு திரை போட்டால், இது அசல் திரையா என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று போனே எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. 2021இல் வந்த ஐபோன் 13இல் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே போய்விட்டது. பழைய திரையில் இருக்கும் கடுகளவு சிப்பைக் கழற்றிப் புதுத் திரையில் ஒட்டினால்தான் வேலை செய்தது. உலகம் முழுவதும் திருத்துகிறவர்கள் சத்தம் போட்ட பிறகு மென்பொருள் மாற்றத்தில் அதைத் தளர்த்தினார்கள். இப்படி உதிரிப்பாகத்தைப் போனோடு பூட்டி வைப்பதற்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் சட்டத்தால் தடை போட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை எந்த ஊர்க் கைகள் திருத்தலாம் என்பதை ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் கலிபோர்னியாவில் இருந்து தீர்மானிக்க விடக்கூடாது.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. 2023இல் பிக்சல் 8க்கு கூகுளும், அடுத்த ஜனவரியில் கலக்சி எஸ் 24க்கு சம்சுங்கும் ஏழு வருட மென்பொருள் மேம்பாடு தருவதாக அறிவித்தன. நல்ல காரியம். ஆனால் அது முதலில் வந்தது விலை கூடிய வரிசைக்கு. எங்கள் சங்கத்துக்கு வருகிறவர்களின் கையில் இருப்பது அந்த வரிசை இல்லை.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிவில் இருக்கிறதா என்று 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறது. 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதிதாக இணைக்கப்படும் பதிவில்லாத போன்களுக்கு இணைப்புக் கிடைக்காது என்றும் அறிவித்தது. களவுப் போன், கடத்தல் போன் இரண்டையும் மறிக்க இது தேவை, நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஐஎம்இஐ எண் இருப்பது மெயின் போர்டில். வெளிநாட்டில் இருந்து வந்த பழைய போனின் போர்டைக் கழற்றி இங்கே உள்ள போனில் போட்டால், அந்தப் போர்டின் எண்தான் வலையமைப்புக்குத் தெரியும். கட்டாரில் இருந்து தம்பி அனுப்பிய உடைந்த போனை வைத்து அண்ணன் தன் போனைத் திருத்துவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதற்கு லேசான ஒரு பதிவு வழி வேண்டும்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகி, போன்களும் அதற்குள் வந்தன. புதுப் போன் வாங்குவது இவ்வளவு பாரமான பிறகு, இருக்கிற போனை ஓட்டுவதற்கு அரசாங்கம் உதவ வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வருகிற போன்களுக்கு விதி இருக்கிறது. 800 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பற்றரி 80 வீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கியமான உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். மென்பொருள் மேம்பாடு ஐந்து வருடம் வர வேண்டும். ஐரோப்பிய விதியால்தானே ஐபோனுக்கும் மற்றதுக்கும் இன்று ஒரே சார்ஜர் வயர் போதும் என்று ஆனது? அதே கொம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இறக்குமதியாளரிடம், இந்த மொடலுக்கு எத்தனை வருடம் பாகம் தருவீர்கள் என்று பெட்டியில் எழுதச் சொல்வதில் இருந்து தொடங்கலாம். உதிரிப்பாகத்துக்கு வரியைக் குறைத்தால் நானா மாதிரிக் கடைகள் கொப்பி டிஸ்பிளே தேட வேண்டி வராது.

சரி, கடையின் குறைகள். பில் கேட்டால்தான் எழுதுகிறார், அதுவும் துண்டுக் கடதாசியில். எல்லோரும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்கு ஒரு மாதம் வாய்ப்பேச்சு உத்தரவாதம்தான். நாளைக்கு என்று சொன்னால் நாளை மறுநாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாரி காலத்தில், நவம்பர் தொடங்கினால், நனைந்த போன்கள் குவிந்து இன்னும் இழுபடும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் சில கடைகளில் போனோடு பாஸ்வேர்டையும் வாங்கி ஸ்டிக்கரில் எழுதிப் பின்னால் ஒட்டி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். படங்கள், வங்கிச் செய்திகள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. நானா பாஸ்வேர்ட் கேட்பதில்லை. சோதிக்க வேண்டிய நேரத்தில் நம்மையே திறந்து கொடுக்கச் சொல்லி, நம் கண் முன்னால் பார்த்து முடிக்கிறார். போனை விட்டுவிட்டுப் போக வேண்டி இருந்தால் முதலில் மெயின்டனன்ஸ் மோடில் போடச் சொல்கிறார். சம்சுங்கில் 2022இல் இருந்து இது வரத் தொடங்கியது, பிக்சலில் ரிப்பெயார் மோட் என்று இருக்கும். அதில் போட்டால் திருத்துகிறவருக்குப் போன் வேலை செய்யும், நம் படமோ செய்தியோ தெரியாது. செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள், எந்தக் கடைக்குக் கொடுத்தாலும்.

பற்றரிக்கு மொடலைப் பொறுத்து 4,000இல் இருந்து 7,000 வரை கேட்கிறார். சார்ஜ் பின் சுத்தம் செய்ய மட்டும் என்றால் 500. திறந்து பார்த்து, திருத்த முடியாது என்றால் காசு வாங்குவதில்லை. காலை ஒன்பதரைக்குத் திறப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டியிருக்கும், இரண்டரைக்குப் பிறகு போங்கள்.