லவோ சரிவில் ஒரு குடும்ப ஒயின் பண்ணை

2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் வடகரையிலுள்ள லவோ படிக்கட்டுத் தோட்டங்களில் இக்குடும்பத்தினர் ஷாஸ்லா என்னும் வெள்ளைத் திராட்சையையே முதன்மையாகப் பயிரிடுகிறார்கள். சரிவு செங்குத்தானது என்பதால் கொத்துகளைக் கையால்தான் பறிக்கிறார்கள். ஷாஸ்லாவில் புளிப்பும் நறுமணமும் இயல்பாகவே அடக்கமானவை. புதிய ஓக் பீப்பாயின் வாசனை அவற்றை எளிதில் மூடிவிடும். அதைத் தவிர்த்து, பழைய பெரிய மரத்தொட்டியில் நொதித்தபின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் முதிரவிடும் இவர்களின் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். கோப்பையில் முதலில் வெள்ளைப் பூக்களின் மெல்லிய மணமும், பிறகு ஈரக்கல்லை நினைவூட்டும் சுவையும், இறுதியில் இலேசான கசப்பும் தெரிந்தன. சிவப்பு ஒயின் அவ்வளவாக ஈர்க்கவில்லை. சுவிஸ் ஒயினில் மிகச் சிறு பங்கே ஏற்றுமதியாகிறது என்பதால், அங்கேயே சென்று சுவைப்பது நல்லது. அறுவடைக் காலத்தில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.