ஏற்காட்டுச் சரிவில் மூன்று வருடம்: ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியும் தலைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்களும்

ஏற்காட்டில் காபித் தோட்டங்களைச் சுற்றி நடந்து, செடிக் கணக்குக்கும் மிளகுக் கணக்குக்கும் வரைபடம் போட்டுத் தருகிறேன். பத்திரத்துக்கான அளவு சர்வேயர் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை. என்னிடம் இருப்பது ஃபோன், அதில் ஜிபிஎஸ்டெஸ்ட், எந்தெந்தச் செயற்கைக்கோளின் சிக்னல் ஃபோனுக்குக் கிடைக்கிறது என்று காட்டும் செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம்.

முதல் வருடம் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன். 34 செயற்கைக்கோள் தெரிகிறது, 21 பயன்பாட்டில் இருக்கிறது என்றால் சரி, போதும் என்று புள்ளியைப் பதிந்துவிடுவேன். ஒரு தோட்டத்தில் வரைபடத்தை விரித்ததும் அங்கே வேலை பார்க்கும் பெரியவர், "ஏனுங்க தம்பி, நம்ம கல்லு ஓடைக்குள்ளயா இருக்குது?" என்று கேட்டார். கல் கரையில் இருந்தது, என் புள்ளி தண்ணீரில் இருந்தது.

மறுநாள் அதே கல்லருகே நின்று செயலியில் வானத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். வட்டத்தின் விளிம்பு தொடுவானம், நடு தலைக்கு நேர் மேல். புள்ளிகள் எல்லாம் மேற்கே குவிந்து கிடந்தன. கிழக்கே மலைச்சரிவு மறைத்திருந்தது. கோள்கள் ஒரே பக்கம் கூடிவிட்டால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். நாலு திசையிலும் பரவியிருந்தால், குறைவான கோள்கள்கூட இடத்தைச் சரியாகக் காட்டும். சிக்னல் பலத்தையும் அப்போதுதான் கவனித்தேன். திறந்த வெளியில் 40 டெசிபல்-ஹெர்ட்ஸைத் தாண்டியது, சில்வர் ஓக் நிழலுக்குள் இருபதுகளுக்கு இறங்கிவிட்டது.

தினமும் பார்க்கப் பார்க்க வானமே பழகிவிடுகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையில் பூமியோடு சேர்ந்து சுற்றும் பெய்டோ (சீனாவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பு) கோள் ஒன்று, நமக்கு உச்சியிலிருந்து சற்றே தெற்கே, இரவும் பகலும் அசையாமல் நிற்கும். ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று வருபவை. இன்று வந்த இடத்துக்கு நாளை நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். இன்று பத்தரைக்கு அவை நன்றாகப் பரவி நின்றால், ஒரு மாதம் கழித்து அதே அமைப்பு எட்டரை மணி வாக்கில்.

செயலி இந்த நிமிடத்து வானத்தை மட்டுமே காட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்க் காத்திருப்பதற்குப் பதில், சேலத்தில் வீட்டிலேயே டிரிம்பிள் நிறுவனத்தின் இணையத் திட்டமிடல் பக்கத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். சரிவான இடம் என்றால் குறைந்தபட்ச உயரக் கோணத்தை 30 பாகைக்கு ஏற்றி வைப்பேன், தொடுவானத்திலிருந்து அதற்குக் கீழே இருக்கும் கோள்கள் கணக்கில் வராது. அப்புறம் மிஞ்சும் கோள்கள்தான் அங்கே நிஜமாகக் கிடைப்பவை. அதற்கேற்ற நேரத்தில் மலை ஏறினால் போதும்.

அந்தக் கல்லை இப்படி நேரம் பார்த்து மூன்று நாள் அளந்தேன். மூன்று புள்ளியும் கரையிலேயே விழுந்தன. பெரியவரிடம் புது வரைபடத்தைக் கொடுத்தபோது முதலில் ஓடையைத்தான் விரலால் தேடினார்.